பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தீங்களா?

செமஸ்டர் முடிஞ்சா கொடைக்கானல், கையில் காசு கம்மின்னா பாண்டிச்சேரி... இதுதானே நம்ம டூர் லிஸ்ட்? போன டிசம்பரில் நாங்க நாலு பேர் கொஞ்சம் ஓவரா ஆசைப்பட்டுட்டோம். ‘மச்சி, மலேசியா போலாம்டா!’

ட்யூஷன் எடுத்து, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி, ஒன்றரை வருஷம் சேர்த்த காசு. ஆஃபர் டிக்கெட் கண்ணில் பட்டதும் யோசிக்காமப் போட்டாச்சு. அதுதான் முதல் தப்பு!

என் ரூம்மேட்டுக்குக் கடல்னா உயிர். பெர்ஹெந்தியான் தீவில் ஸ்நார்கெலிங் பண்ணணும்னு வால்பேப்பரே வெச்சிருந்தான். டிக்கெட் போட்ட பிறகுதான் தெரியுது, நமக்குக் கார்த்திகையில் மழை கொட்டுற அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கே கிழக்குக் கரையையும் புரட்டிப் போடுமாம். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் டிசம்பரில் பெரும்பாலான ரிசார்ட்டுகள் பூட்டிடுவாங்க. அந்த நேரத்தில் மேற்குப் பக்கம் இருக்கிற பினாங்கு, லங்காவி ஓகே. அதனால வெப்பமண்டல நாட்டுக்குப் போறதா இருந்தா டிக்கெட் விலையைப் பார்க்கும் முன்னாடி மழை மாசத்தைப் பாருங்க.

சரின்னு கோலாலம்பூர், கேமரன் ஹைலேண்ட்ஸ், பினாங்குன்னு ரூட்டை மாத்தினோம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1-லிருந்து விசா இல்லாம 30 நாள் அனுமதி கொடுத்தாங்க. (விதி மாறலாம். டிக்கெட் போடும் முன் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.) ஆனா அங்கே போய் இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ‘டிஜிட்டல் அரைவல் கார்டு’ நிரப்பணும். இது இலவசம். காசு கேட்கிற சைட் எல்லாம் டுபாக்கூர்!

ராத்திரி 11 மணி. ஒவ்வொருத்தர் பாஸ்போர்ட்டா வாங்கி நான்தான் நிரப்பினேன். ரூம்மேட்டோடதைத் திறந்தேன். காலாவதி தேதியைப் பார்த்ததும் பக்குன்னு ஆயிடுச்சு. முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது!

அவன் அதை எடுத்தது ஒன்பதாவது படிக்கும்போது. ‘பத்து வருஷம் செல்லும்டா’ன்னு நம்பிட்டான். சின்னப் பசங்களுக்கு அஞ்சு வருஷம், இல்லேன்னா 18 வயசு... எது முதலில் வருதோ அதுவரைக்கும்தான். ‘எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு’ன்னு அவன் சொன்னான், நாங்களும் நம்பரை மட்டும் வாங்கி டிக்கெட் போட்டோம். ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கலை. தட்கலுக்கும் நேரமில்லை. டிக்கெட்டில் வரிப் பணம் மட்டும்தான் திரும்பி வந்தது. மீதி, அவங்க அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு.

‘நாங்களும் போகலைடா’ன்னோம். ‘லூஸுங்களா, நாலு பேர் காசும் போகணுமா? கிளம்புங்க’ன்னு திட்டினான். ஏர்போர்ட் வரைக்கும் வந்து, தனக்காக வாங்கி வெச்சிருந்த பிளக் அடாப்டரை என் கையில் திணிச்சான். அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த அடாப்டர் சூப்பரா உதவுச்சு! மின்சாரம் நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சாக்கெட் மட்டும் பட்டையான மூணு பின். மத்தபடி பையில் காட்டன் டிரெஸ் போதும். ஜீன்ஸ் நனைஞ்சா காயாது, தினமும் மழை வரலாம். கேமரன் ஹைலேண்ட்ஸ் குளிருக்கு ஒரே ஒரு ஜாக்கெட். டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதனால கொசு க்ரீம் கட்டாயம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரிச்சிருக்கோ, டிக்கெட்டிலும் அப்படியே இருக்கணும். முன்பின் தெரியாதவங்க கொடுக்கிற பார்சலைத் தொடாதீங்க. போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை வரைக்கும் போகும்.

பத்துமலையில் 272 படி ஏறி, 140 அடி முருகன் பக்கத்திலிருந்து ரூம்மேட்டுக்கு வீடியோ கால் போட்டோம். சிரிச்சான். ஆனா ரெண்டு நிமிஷத்தில் ‘நெட் சரியில்லைடா’ன்னு கட் பண்ணிட்டான். நெட் நல்லாத்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் முதல் வேலையா அவன் நஷ்டத்தை நாலாப் பங்கு போட்டோம். வேண்டாம்னு சண்டை போட்டான், நாங்க விடலை. பார்க்காம டிக்கெட் போட்டது நாலு பேரும்தானே? புது பாஸ்போர்ட்டுக்குப் பத்தாவது மார்க் ஷீட்டோட அப்ளை பண்ணி வாங்கிட்டான். பெர்ஹெந்தியான் இன்னும் பாக்கி இருக்கு. அடுத்த தடவை ஜூன் மாசம், நாலு பேரும்!

இப்ப ஒரு சின்ன வேலை பாஸ். பீரோவைத் திறங்க. ஸ்கூல் படிக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் இருந்தா, தேதியைப் பாருங்க. அப்படியே உங்க கேங்கில் எல்லாரோடதையும் வாங்கிப் பாருங்க!