ஐஸ் பெட்டி இல்லாதவனுக்கு மருந்து இல்லையா?

இன்புளூயன்ஸா என்னும் விஷக் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஆனால் அது 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவிலேயே குளிரில் இருந்தாக வேண்டுமாம். வெயில் பட்டாலும் கெட்டுவிடும். உறைந்து போனாலும் கெட்டுவிடும். புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது! செய்யும் இடம் முதல் ஊசி குத்தும் இடம் வரை குளிர்பெட்டியும் மின்சாரமும் வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தவறினால் மருந்து வீண்.

அப்படியானால் மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் பிறந்தவன் என்ன செய்வது? வியாதி மட்டும் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டா வருகிறது? 1918-லும் 1919-லும் இக்காய்ச்சல் இந்தியாவில் 1 கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அன்று தடுப்பு மருந்தே கிடையாது. இன்று மருந்து இருந்தும் கிராமத்தானுக்கு எட்டாது என்றால், அவன் வரையில் இரண்டும் ஒன்றுதானே?

“மருந்தின் குணம் அப்படி, என்ன செய்வது?” என்று சிலர் சொல்லக்கூடும். தலைவிதி என்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம். கெடுவதற்கு முக்கியக் காரணம் மருந்திலுள்ள தண்ணீர். ஈர நெல் அழுகும். காய்ந்த நெல் பத்தாயத்தில் கிடக்கும். கருவாட்டுக்கு எவனாவது ஐஸ் வைக்கிறானா? மருந்தும் அப்படியே. ட்ரிஹலோஸ் போன்ற ஒரு சர்க்கரையோடு கலந்து நீரை நீக்கினால், சர்க்கரை கண்ணாடிபோல் இறுகி, மருந்துச் சத்து உருக்குலையாமல் பிடித்துக்கொள்கிறது.

இது வெறும் கற்பனையல்ல. பெரியம்மைக்குக் குத்திய பழைய அம்மைப்பால் வெப்பத்தில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். 1950-களின் முற்பகுதியில் லண்டன் லிஸ்டர் ஸ்தாபனத்தில் கோலியர் என்பவர் அதை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதம் வைத்தாலும் வீரியம் குறையக்கூடாது என்பதே பிறகு அத்தூளுக்கு விதியாயிற்று. நமது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் அத்தூள் தயாரானது. இந்தியாவில் 1975-லும் உலகில் 1977-லும் இயற்கையாய்ப் பரவிய பெரியம்மை முடிந்தது. 1980-ல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் கோபம் என்று கூழ் ஊற்றியும் வேப்பிலை கட்டியும் எத்தனை நூற்றாண்டு கழித்தோம்! அந்தக் “கோபத்தை” அடக்கியது ஐஸ் கேட்காமல் குடிசை வரை போன ஒரு சிட்டிகைத் தூள் அல்லவா?

நிற்க, இன்புளூயன்ஸாவில் கஷ்டம் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. அக்கிருமி அடிக்கடி வேஷம் மாற்றுவதால் மருந்தையும் ஆண்டுதோறும் ஆராய்ந்து மாற்ற வேண்டியிருக்கிறது. உலர்த்தினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2010-ல் புனேயில் வெளியான மூக்கு வழி மருந்து உலர்ந்த தூள்தான். அதுவும் குளிர்பெட்டியே கேட்டது. ஆனால் அமெரிக்காவில், தோலில் ஒட்டினால் கரையும் நுண்ணூசிகளாக உலர்ந்த மருந்தை அமைத்து 100 பேரிடம் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அம்மருந்து 40 டிகிரியில் ஓராண்டு வைத்தும் கெடவில்லை. ஆகவே முடியாது என்ற பேச்சு இனி செல்லாது.

முடியுமென்றால் ஏன் இன்னும் ஊருக்கு வரவில்லை? மருந்தை விலை கொடுத்து வாங்கும் பணக்கார நாட்டான் வீட்டில் குளிர்பெட்டி இருக்கிறது. இருக்கிற மருந்தே விற்கும்போது, வேறு மருந்துக்குப் பணம் போட முதலாளிக்கு என்ன அவசரம்? ஆகையால் இதை வியாபாரியின் தர்மத்துக்கு விட்டுவிடக்கூடாது. பெரியம்மையை ஒழித்தது வியாபாரம் அல்ல. சர்க்கார்கள் சேர்ந்து செய்த பொது முயற்சி. இதற்கும் சர்க்கார் பொதுப் பணத்தில் ஆராய்ச்சி நடத்த வேண்டும். வெயில் தாங்கும் மருந்துக்கே முதல் கிராக்கி என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

தோழர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கோவிலுக்குக் கோபுரம் கேட்பதை நிறுத்தி, இதைக் கேளுங்கள்.