பெரியும்மாவின் கிதாபு

காயல்பட்டினத்து உம்மாமாருக்கும் லாத்தாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஹாங்காங்கிலிருந்து அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒன்பது பெண்கள் கூடி, டிவியில் ஒரு பயான் கேட்டோம். நல்ல பயான்தான். முடிந்ததும் என் மகள், “உம்மா, எனக்கு ஒரு சந்தேகம், யார்ட்ட கேக்குறது?” என்றாள். ஒன்பது பேரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

எனக்கு எங்கள் தெருத் தைக்காதான் ஞாபகம் வந்தது. அஸருக்குப் பிறகு முடுக்கு வழியாகப் பெண்கள் வந்து சேருவார்கள். பெரியும்மா ரைஹாலில் ‘ஃபத்ஹுத் தய்யா’னை விரிப்பார். 1898-இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபுத்தமிழில் எழுதிய ஃபிக்ஹு கிதாபு. எழுத்து அரபு, காதில் விழுவது தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ழ எல்லாவற்றுக்கும் புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர். பெரியும்மா ஒரு வரி ஓதி நிறுத்துவார். “மீன் ஆயும்போது ரெத்தம் சேலையில பட்டுட்டா அதோட தொழலாமா?” என்று ஒருத்தி கேட்பாள். விரலை அந்த வரியில் வைத்தபடியே பின்பக்கம் புரட்டி வாசித்துக் காட்டுவார். தெரியாவிட்டால், “ஆலிம்சாட்ட கேட்டு நாளைக்குச் சொல்றேன்” என்பார். மறுநாள் மறக்காமல் சொல்வார்.

ரஜபில் முப்பது நாளும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கும் ஊர் நம்முடையது. அதன் பரக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய சபையில் எந்தப் பெண் தன் ஹைளுக் கணக்கைக் கேட்பாள்? அதற்குப் பத்துப் பேர் உட்காரும் பாய்தான் வேண்டும்.

பெரியும்மா மௌத்தாகி ஆறு வருஷமாகிறது. அரபுத்தமிழ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒழுங்காகப் படித்துக்கொள்ளாதது இப்போது நெஞ்சை அறுக்கிறது. கண்ணாடி போட்டு அதை வாசிக்கிற வாப்பும்மாமார் தெருவுக்கு ஒருவராவது இன்னும் இருப்பார்கள். ஆலிமா பட்டம் வாங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரபி தெரிந்த அவர்களுக்கு அந்தக் கூடுதல் புள்ளிகள் பெரிய பாடமில்லை. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவையுங்கள். நார்சாச் செலவை வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கிதாபு ஊரில் எங்கள் வீட்டு அலமாரியில் பச்சைத் துணியில் சுற்றியிருக்கிறது. சாவி தங்கச்சியிடம் இருக்கிறது, தைக்காவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் பெரியும்மா பென்சிலால் குறி போட்டிருப்பார். அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.