படத்துக்கு முந்திய சொல்

கட்டடக்கலையின் தொடக்கநிலை வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு இடமுண்டா என்னும் வினா காலாவதியாகிவிட்டது. மாணவர்கள் அவற்றை ஏற்கெனவே பயன்படுத்துகின்றனர். எந்த வேளையில், எதற்குப் பிறகு என்பதே இனி விவாதிக்கத்தக்கது. அதற்கு நல்ல சான்று, கொல்கத்தாவின் சால்ட் லேக்.

அந்நகர் சதுப்பின் மீது எழுந்தது. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முனைப்பில், ஹூக்ளி ஆற்று வண்டலை நீரில் கரைத்துக் குழாய்வழி கொணர்ந்து தாழ்நிலத்தை நிரப்பும் பணி 1962இல் தொடங்கியது. நகர வரைவை யூகோஸ்லாவியக் கட்டடக்கலைஞர் தொப்ரிவோயே தோஷ்கோவிச் அமைத்தார். நிலம் எவ்வளவு உயர வேண்டும், மழைநீர் எங்கே வடியும் என்பவை அத்தகைய மண்ணில் தோற்றத்துக்கு முன்பே விடை காண வேண்டியவை. உருவாக்கப்பட்ட படத்தில் நிலமட்டம் கிடையாது. அழகிய மாலை வெயில் மட்டும் தவறாமல் இருக்கும்.

இச்சிக்கலுக்கு மொழி சார்ந்த வேர் ஒன்றுண்டு. 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்கப் பதிப்புகள், லயான்-5பி தொகுப்பில் ஆங்கிலக் குறிப்புடைய ஏறத்தாழ 230 கோடிப் படங்கள் கொண்ட பகுதியிலிருந்து பயின்றவை. ஒரு சொல்லுடன் எவ்வகைத் தோற்றம் சேர்ந்து வருகிறது என்பதையே அத்தகைய கருவி கற்கிறது. வட கொல்கத்தா வீடுகளின் வாசலில் 'ரோக்' உண்டு. நம் திண்ணைக்கு உறவு. இரண்டையும் 'வராந்தா' என்று ப்ராம்ப்டில் எழுதினால் மேடையும் தூணும் கிடைக்கும். தெருவில் போகிறவரும் சற்று அமர்ந்து பேசலாம் என்ற வழக்கம் கிடைக்காது. சொல்லின் பொருளில் பாதி அவ்வழக்கம்தான்.

சார்ல்ஸ் கொரியா வடிவமைத்து 2004இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் சிட்டி சென்டரின் நடுவே 'குண்ட்' அமைந்துள்ளது. படிகளுடைய பழைய நீர்நிலைக்குரிய பெயர் அது. இறங்குதல், அமர்தல், கூடுதல் என்னும் பயன்பாடு, பெயரோடு சேர்ந்து ஒரு வணிக வளாகத்துக்குள் வந்தது. அங்கே சொல் வடிவத்தை ஈன்றது.

விரைவில் பல மாற்றுகளைக் காணலாம், வரையும் கை பழகாத மாணவருக்கும் துணையாகும் என்பது இக்கருவிக்கு ஆதரவான வலுவான வாதம். அதை மறுப்பதற்கில்லை. எனினும் அரைகுறைக் கோட்டோவியம், 'இங்கே என்ன வரலாம்?' என்று பிறரையும் கேட்க வைக்கிறது. மெருகேறிய படமோ கேள்விக்கு இடம் விடுவதில்லை. வீட்டுக்காரரும் ஆசிரியரும் அதையே முடிவெனக் கொள்ளும் அபாயம் உண்டு.

ஆகவே கல்லூரிப் பட்டறைகளில் வரிசையை மாற்றினால் போதும். யார் வருவார், எங்கே அமர்வார், நீர் எங்கே போகும் என்பவற்றை அங்கு வாழ்வோரின் சொற்களிலேயே அரைப்பக்கம் எழுதட்டும். பின்னர் நிலமட்டம் காட்டும் ஒரு குறுக்குவெட்டு வரைபடம். அதன் பிறகு படம் உருவாக்கட்டும். எழுதியதில் எதைப் படம் கைவிட்டது என்பதற்கு மதிப்பெண் இருக்கட்டும். விடுபட்டதைக் கண்டறியும் பயிற்சியே அம்மாணவரைக் கட்டடக்கலைஞராக்கும்.