டிடிஎஸ் மட்டும் பார்த்தா போதுமா? உங்க சம்ப்பில் நடக்கும் புரோமின் கெமிஸ்ட்ரி

அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் அபார்ட்மெண்ட்களில் தண்ணீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: 'டிடிஎஸ் எவ்ளோ?' அந்த மீட்டர் காட்டாத ஒரு விஷயம் நம்ம சம்ப்பிலேயே நடக்கலாம்.

என்ன அது?

பென்சீன் வளையம் உள்ள பொருளில் புரோமினைச் சேர்க்க, ஆபத்தான புரோமின் திரவம்தான் வேண்டும் என்றில்லை. சோடியம் புரோமைடு உப்பையும் ஒரு ஆக்சிஜனேற்றியையும் வைத்தே லேபில் செய்வார்கள்.

இதே கூட்டணி சம்ப்பிலும் சேரலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. கடலோர போர் தண்ணீரில் உப்பு ஏறினால் அதுவும் கூடவே வரும். 2013 முதல் தென்சென்னைக்கு வரும் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைத் தண்ணீரிலும் கொஞ்சம் மிஞ்சலாம். ஆக்சிஜனேற்றி வேலையை குளோரினும் பிளீச்சிங் பவுடரும் பார்த்துக்கொள்ளும். வளையங்கள்? ஏரித் தண்ணீரில் மட்கிய இலைதழைகளின் மிச்சத்தில் இருக்கின்றன.

குளோரின் புரோமைடை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றும். அது வளையங்களைத் தாக்க, அவை உடைந்து புரோமோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகும். குளோரின் சேர்த்த குடிநீரில் இவை உருவாவதை 1974-லேயே ரோட்டர்டாமின் யோகன்னஸ் ரூக் எடுத்துக்காட்டினார்.

அப்போ குளோரினே வேண்டாமா?

அப்படி முடிவெடுப்பதுதான் பெரிய ஆபத்து. காலராவும் டைஃபாய்டும் சில நாளில் ஆளைச் சாய்க்கும். டிரைஹாலோமீத்தேன்கள் பற்றிய கவலை, வருடக்கணக்கில் அதிக அளவு குடித்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருமோ என்பதே. அதற்குப் பயந்து கிருமிநீக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும்.

பிரச்சினை குளோரினில் இல்லை, கணக்கில்லாமல் கொட்டுவதில்தான். உப்பு போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் கலந்து, அதில் கைக்கு வந்த அளவு பிளீச்சிங் பவுடர் போடுவதை முதலில் நிறுத்துவோம். சம்ப்பில் படியும் சேற்றை அவ்வப்போது எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

யார் அளப்பது?

ஐஎஸ் 10500 தரப்படி குடிநீரில் புரோமோஃபார்ம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதை வீட்டில் அளக்க முடியாது, லேபுக்குத்தான் போக வேண்டும். எனவே குடிநீர் வாரியம் ஏரியாவாரியாக இந்த அளவைச் சோதித்து, நம்ம போனிலேயே பார்க்கும்படி தர வேண்டும். தண்ணீர் வரி கட்டுகிறவர்கள் இதைக் கேட்பதில் தப்பே இல்லை.