பூச்சு முக்கியமா? கம்பி முக்கியமா?



எந்த விடுதி அறையையும் எட்டிப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு க்ரீம் ட்யூப், பக்கத்தில் ஃபேஸ்வாஷ், கையளவு கண்ணாடி. பழம்? தேடினாலும் கிடைக்காது! கேட்டால், "கேம்பஸ் இன்டர்வியூ வருதுல்ல..." என்று பதில் வரும். சிவப்பாக இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று விளம்பரக்காரன் சொன்னதை நாமும் நம்பிவிட்டோம். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யே, எதிர்ப்புக்குப் பின் 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாம்தான் இன்னும் விடவில்லை!

சிவில் படிப்பவர்களுக்குத் தெரியும்: உள்ளே கம்பி சரியில்லாத தூணுக்கு எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் விரிசல் விடும். தோலுக்குள் இருக்கும் கம்பிதான் கொலாஜன் என்ற புரதம். அதைக் கட்ட வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். நம் உடம்பு அதைத் தானே தயாரிக்காது, தின்றால்தான் உண்டு. அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் பழமே இல்லாமல் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. ஆறிய புண்கூடத் திரும்ப வாய் பிளந்தது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள்.

"ஆப்பிள், ஆரஞ்சுக்குக் காசு எங்கே?" என்கிறீர்களா? 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம்தான். ஆரஞ்சில் 50. கொய்யாவில் 200-க்கும் மேல்! தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவித் தருகிறார்களே, அதே கொய்யாதான். பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை சாப்பிட்டால் தோலுக்கு வேண்டிய வைட்டமின் ஏ கிடைக்கும். வேர்க்கடலையில் வைட்டமின் ஈ இருக்கிறது. எதுவும் சீமைச் சரக்கு இல்லை!

ஆனால் ஒன்று. பழம் தின்றால் நிறம் மாறாது, மாறவும் வேண்டாம். கருப்பைத் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிருக்கு எதிராக இயற்கை பிடித்த குடை. பருவும் ஒரே வாரத்தில் ஓடிவிடாது. அது பெரும்பாலும் இந்த வயசு ஹார்மோன் செய்கிற வேலை. ரொம்ப அதிகமானால் டாக்டரிடம் போங்க. நண்பன் சொன்னான் என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மருந்துக்கடையில் வாங்கித் தடவாதீங்க. நாள்பட்டால் தோல் மெலிந்துபோகும். பரு இன்னும் கூடும்.

நம் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை. வாரம் மூன்று நாளாவது மெஸ்ஸில் கொய்யாவோ பப்பாளித் துண்டோ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். "மெஸ் பில் ஏறிடுமே" என்பவர்கள், மாசம் க்ரீமுக்குக் கொடுக்கும் காசை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

இன்டர்வியூவில் கேட்கப்போவது நம் பாடத்தை. நம் நிறத்தை அல்ல. நிறத்தைக் கேட்கிற கம்பெனி நமக்கு எதற்கு, தோழர்களே?

— மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை