தடை வேறு, ஆதரவு வேறு

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாறு பற்றிப் பேசுவோரிடையே ஒரு கூற்று ஏறத்தாழ மறுப்பாரின்றி நிலைபெற்றுவிட்டது. 1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி ஈழத்து எழுத்தை வாழவைத்தது என்பதும், 1977 இல் வந்த திறந்த பொருளாதாரம் அதனை வீழ்த்திற்று என்பதுமே அக்கூற்றாகும். பிற்பாதியில் உண்மை உண்டு. முற்பாதியோ அரசுக்குத் தகுதிக்கு மிஞ்சிய புகழைச் சேர்க்கின்றது.

முற்போக்கு எழுத்தாளர் அக்கட்டுப்பாட்டைக் கோரி நின்றமை மெய்யே. எனினும் அரசை இணங்கச் செய்தது அந்நியச் செலாவணி நெருக்கடியேயன்றி இலக்கியப் பற்றன்று. அதே நெருக்கடி காகித இறக்குமதியையும் நெரித்தது. அந்நிலையிலும் வீரகேசரி நிறுவனம் மலிவுவிலை நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகை நின்றுவிடவில்லை. செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978 இல் திரைப்படமாகவும் வந்தது. இவற்றுள் அரசின் கை எங்கே? திரைப்படத்துக்கேனும் 1972 இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று அமைந்தது. தமிழ் நூலுக்கு நாடு தழுவிய விநியோக அமைப்போ, நூலகங்களுக்கான நிலையான கொள்வனவுத் திட்டமோ வாய்த்ததாகக் கூறுவதற்கில்லை. சாகித்திய மண்டலப் பரிசு இருந்ததே எனலாம். இருந்தது, பரிசு பெற்றவரின் வீட்டில் விற்காத பிரதிகளும் இருந்தன.

ஆகவே 1977 இல் வாயில் திறந்தபோது வேரூன்றிய தொழில் எதுவும் உள்ளே இல்லை. தமிழ்நாட்டுச் சஞ்சிகை தன் ஆக்கச்செலவைத் தன் நாட்டிலேயே மீட்டுக்கொள்வது. இங்கு விற்கும் பிரதி அதற்கு மேலதிக இலாபம். சிறு வாசகர் தொகையை நம்பி முழுச் செலவையும் சுமக்கும் ஈழத்துச் சஞ்சிகையை அதனோடு மோதவிட்டு, அதனைத் தடையற்ற போட்டி என்பது கேலிக்கூத்து. ஈழத்து நூல் பாக்குநீரிணையைக் கடந்து விலைப்படுவதோ அரிது.

சந்தையைத் திறந்த நாடு கலையைக் கைவிட்டேயாக வேண்டும் என்பாருக்குப் போலந்து விடை கூறும். 1989 இன் பின் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய அந்நாடு, 2005 இல் சட்டமியற்றி, தொலைக்காட்சி நிலையங்கள், திரையரங்குகள், விநியோகத்தர் ஆகியோரின் வருமானத்தில் 1.5 சதவீதத்தை உள்நாட்டுத் திரைப்பட நிதிக்கு எடுத்தது. அமெரிக்கப் படங்கள் தடுக்கப்படவில்லை. அவை ஈட்டித் தரும் பணத்தில் ஒரு பங்கு போலந்துப் படங்களைச் சென்றடைந்தது. 2015 இல் ஒஸ்கார் விருது பெற்ற ஈடா அந்நிதியின் துணையுடன் உருவானதே.

இறக்குமதிச் சஞ்சிகையின் மீது சிறு தீர்வை விதித்து, அதனை முழுவதும் பாடசாலை நூலகங்களும் பொது நூலகங்களும் ஈழத்து நூல்களை வாங்குவதற்கு ஒதுக்கியிருக்கலாம். 1977 இன் திறைசேரிக்கு இது எட்டாத கணக்கன்று. இன்றைய திறைசேரிக்கும் அன்று.