மறைந்த புகை எங்கே? ஒளி காட்டிக் கொடுக்கும்!

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. புகைபோக்கியிலிருந்து புகை கிளம்புகிறது. கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு மறைந்து விடுகிறது.

மறைந்த புகை எங்கே போகிறது?

எங்கேயும் போய்விடவில்லை. காற்றில்தான் இருக்கிறது. அதில் உள்ள மிக நுண்ணிய தூசியின் பருமன், தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதனால் தொல்லை அதிகம்.

கும்மிடிப்பூண்டியில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளக்கும் நிலையம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தக் கருவி தன்னிடம் வருகிற காற்றை மட்டுமே சோதிக்கும். 200 மீட்டர் உயரத்தில் புகை மிதந்து அடுத்த ஊருக்குப் போனால் அதற்குத் தெரியாது. "எங்கள் ஊரில் புகை நெடி தாங்கவில்லை" என்று ஜனங்கள் சொன்னாலும், கருவியின் கணக்கு வேறாக இருக்கலாம்!

பகலில் ஒன்று, இரவில் ஒன்று

பகலில் வெயிலால் தரை சூடேறுகிறது. காற்று மேலே எழும்புகிறது. புகையும் அதோடு உயரே போய்க் கலைந்து விடுகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால், பிற்பகலில் குளிர்ந்த கடற்காற்று புகுந்து, புகையை மேற்கே உள்ள ஊர்களின் பக்கம் தள்ளும்.

இரவில் கதை வேறு. தரை குளிர்ந்து விடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். பானைக்கு மூடி போட்டதுபோல் புகை கீழேயே தங்கி விடும். மார்கழி விடியற்காலையில் நெடி அதிகமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அந்த 'மூடி' எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தரையில் நிற்கும் கருவி அதைச் சொல்லாது.

கிணற்று எதிரொலி போல

ஒளி சொல்லும். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா? அதுபோல லேசர் ஒளியை ஆகாயத்தில் பாய்ச்சினால், தூசியில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். லட்சத்தில் ஒரு பங்கு விநாடியில் அது திரும்பினால், தூசி ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கருவிக்கு 'லிடார்' என்று பெயர்.

இதற்காக அமெரிக்கா போக வேண்டாம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில், ஆந்திர மாநிலம் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1998-ல் ஜப்பானியர் ஒத்துழைப்புடன் லிடார் நிறுவப்பட்டது. பச்சை ஒளியை வானில் பாய்ச்சி ஆராய்ச்சி நடந்தது.

ஆனால், ஒரே நிற ஒளி தூசியைத்தான் நன்றாகக் காட்டும். எந்தெந்த வாயு கலந்திருக்கிறது என்று அறியப் பல நிறங்கள் வேண்டும். ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு நிறத்தை விழுங்கும்.

எலுமிச்சம்பழ சக்தி!

இங்கேதான் அதிசயக் குறுந்துடிப்பு லேசர் வருகிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி 100 கோடி பங்காக்கினால் வருவது 'பெம்டோ விநாடி'. பிரெஞ்சு, ஜெர்மன் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த 'டெராமொபைல்' லேசரின் துடிப்பு அப்படி 70 பெம்டோ விநாடிதான் நீடிக்கும். அதில் உள்ள சக்தி, சிறிய எலுமிச்சம்பழம் ஒன்றை ஒரு மீட்டர் தூக்கத்தான் போதும். ஆனால் அது அத்தனை குறுகிய நேரத்தில் கொட்டுவதால், அந்தக் கணத்தில் 5 லட்சம் கோடி வாட் ஆகிறது!

அந்த வேகத்தில் ஒளி காற்றில் நூல்போலத் திரண்டு, வெள்ளை ஒளியாக மாறுகிறது. வெள்ளையில் எல்லா நிறமும் உண்டு. திரும்பி வரும்போது எந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்தால், வழியில் இருந்த வாயுக்கள் தெரிந்துவிடும். 10 கிலோமீட்டருக்கு மேலிருந்தும் இந்த வெள்ளொளி திரும்பி வந்ததை 2003-ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட லேசருக்கு 1985-ல் வழி கண்ட மூரு, ஸ்ட்ரிக்லேண்ட் இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ராட்சசக் கருவிக்கு ஒரு பெரிய சரக்குப் பெட்டி நிறைய இடம் வேண்டும். நிபுணர்களும் வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு உடனே தேவைப்படுவது அதுவல்ல. சாதாரண லிடார் போதும். இரவு 2 மணிக்கு எந்த உயரத்தில் எவ்வளவு புகை நின்றது என்பது பதிவாகிவிடும். எந்த ஆலையின் புகை என்று ஒளி பெயர் சொல்லாது. ஆனால் கருவியைத் திசை திசையாகத் திருப்பி, காற்றடித்த பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், புகை வந்த வழியே புகைபோக்கி வரை போய்விடலாம்.